ஜன்னலில் வைத்த தட்டு

ஜூன் 10, திங்கள்

தை மாதம் எனக்குத் தீட்சை கொடுத்தபோது குருநாதர் இரண்டு காரியம் சொன்னார். விடிவதற்குள் சிவபூசை. படுக்கப் போகுமுன் அன்றைக்குச் செய்த பிழையை ஒரு வரி எழுதிவைப்பது. முதலாவது இன்றுவரை தப்பவில்லை. இரண்டாவதைத்தான் விட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் தொடங்கிவிடுவோம் என்று மகள் கொடுத்த டைரியை எடுத்திருக்கிறேன். பிழையை மட்டும் எழுதினால் பக்கமெல்லாம் வெறுமனே கிடக்கும். அதனால் மற்றதையும் எழுதுவதாக உத்தேசம்.

சத்துணவுக்குப் புதுச் சமையலர் வந்துவிட்டாள். முத்துப்பேச்சி என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை. மகள் ஜோதிமீனா நம் பள்ளியில்தான் நாலாம் வகுப்பு. கீழப்பாறைக்குளம் காலனியிலிருந்து நம் சமையல்கூடத்துக்கு ஒரு ஆள் வருவது இதுதான் முதல் தடவை. ஆர்டரைப் படித்துவிட்டு சத்துணவு அமைப்பாளர் தங்கபுஷ்பம் என் முகத்தையே பார்த்தாள். "அரசாங்கம் போட்ட ஆர்டர், நமக்கென்ன?" என்றேன். எனக்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது. இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு பிள்ளையையும் நீ எந்தத் தெரு என்று கேட்டதில்லை.

செண்பகவடிவு நின்ற இடத்தில் இன்னொருத்தியைப் பார்க்க மனசு ஒருமாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஏப்ரல் கடைசியில் செண்பகம் ஓய்வுபெற்ற அன்று வைத்த சாம்பார் சாதம் இன்னும் நாக்கில் நிற்கிறது. வழக்கமான ஒரு வாய் போதாமல் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி வாங்கினேன். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

அந்த ஒரு வாய் நம் பள்ளியின் பழைய வழக்கம். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் தலைமையாசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்பது எல்லாப் பள்ளிக்கும் உள்ள விதிதான். எங்கள் ஊரில் அதை ஒரு சடங்காகவே ஆக்கிவிட்டார்கள். பன்னிரண்டரைக்குச் சமையல்கூடத்து ஜன்னல் விளிம்பில் ஒரு தட்டில் சோறு வைத்து மூடியிருப்பார்கள். நான் போய் எல்லோர் கண்ணும் காண ஒரு வாய் சாப்பிடுவேன். "டீச்சர் வாய் வச்சாச்சு!" என்று ஒரு சத்தம் கிளம்பும். அதற்கப்புறம்தான் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு ஓடும்.

இன்று முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு நல்லபடியாகவே சொன்னேன். நான் தீட்சை வாங்கியவள், வீட்டுப் பூசையில் வைக்காததை உண்பதில்லை, எனக்குப் பதில் எஸ்தர் டீச்சர் ருசி பார்ப்பார் என்று. "சரிங்க டீச்சர்" என்றாள். காய்கறிப் பிரியாணி நன்றாக இருந்ததாக எஸ்தர் சொன்னாள்.

பிழை: இல்லை.

ஜூன் 14, வெள்ளி

டவுனிலிருந்து வரும் பஸ் பழுதாகி நடுவழியில் நின்றுவிட்டது. இலவசப் பாடநூல் இன்னும் மூன்றாம் வகுப்புக்கு வரவில்லை. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஆள் சொல்லியிருக்கிறேன்.

பிழை: பால்காரரிடம் கத்திவிட்டேன். தண்ணீர் கலந்தது அவர் பிழை, கத்தியது என் பிழை.

ஜூன் 20, வியாழன்

ஜன்னலில் தினமும் இரண்டு தட்டு இருக்கிறது. ஒன்றை எஸ்தர் எடுத்துக்கொள்கிறாள். மற்றது மூடியபடியே கிடக்கிறது. எதற்கு வீணாக என்று முத்துப்பேச்சியைக் கேட்டேன்.

"அது தலைமை டீச்சருக்குள்ளது. என்னைக்காவது ஒருநா மனசு மாறி வந்திருவிய. அன்னைக்குப் பாத்துத் தட்டு இல்லாம இருக்கக் கூடாதுல்லா."

"நான் வரமாட்டேன் முத்துப்பேச்சி. இது விரதம். மனசு மாறுற காரியமில்ல."

"இருக்கட்டும் டீச்சர். வச்சது வச்சபடி இருக்கட்டும்" என்றாள். நல்ல சுத்தக்காரி. பாத்திரத்தையெல்லாம் முகம் தெரிகிற மாதிரி தேய்த்துக் கவிழ்த்திருக்கிறாள். கொஞ்சம் பிடிவாதம்தான்.

பிழை: பூசையில் கண்ணயர்ந்தேன்.

ஜூன் 27, வியாழன்

பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவரத் தொடங்கியிருக்கிறார்கள். முதலில் இரண்டு மூன்று பேர். இன்று ஆறாம் வகுப்பில் பாதிப்பேர். கேட்டால் "வயித்துவலி", "அம்மா கொடுத்துவிட்டா" என்கிறார்கள். வெயில் காலம், வயிற்றுக்குச் சேராமல் இருக்கலாம்.

எஸ்தர் ஏதோ சொல்ல வந்தாள். ஆய்வுக்கு ஆள் வருகிற நேரம், அப்புறம் பேசுவோம் என்றேன்.

பிழை: இல்லை.

ஜூலை 1, திங்கள்

பெற்றோர் கூட்டம். சுற்றுச்சுவர், குடிதண்ணீர்த் தொட்டி என்று பேசிவிட்டு, கடைசியில் டப்பா விஷயத்தை நானே எடுத்தேன். அரசாங்கம் தருகிற சத்தான உணவைப் பிள்ளைகள் ஏன் ஒதுக்குகின்றன என்று கேட்டேன். டிராக்டர் வைத்திருக்கும் வெள்ளப்பாண்டி எழுந்தான். அவனுடைய இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள். அவனும் என்னிடம்தான் படித்தான்.

"டீச்சர், தப்பா எடுத்துக்கிடாதிய. நீங்களே வாய் வைக்கல. நாங்க என்ன உங்களவிட பெரிய ஆளா?"

"வெள்ளப்பாண்டி, நான் தீட்சை வாங்கியிருக்கேன். அது என் சாமி விரதம். இதுக்கும் சமைக்கிற ஆளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அதத்தான் நானும் சொல்லுதேன். உங்களுக்கு விரதம். எங்க பிள்ளைகளுக்கும் குலசாமிக்கு நேந்து விரதம்னு வச்சுக்கிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "எஸ்தர் டீச்சர் தினமும் சாப்பிடுறாங்களே" என்றேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "அவுக வேதக்காரவுக. அவுகளுக்கு எல்லாம் ஒண்ணுதான." எஸ்தர் தலையைக் குனிந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

என் விரதத்தை இவர்கள் எடுத்துப் போர்த்திக்கொண்டால் அதற்கு நானா பொறுப்பு?

பிழை: கோபப்பட்டேன். வெளியே காட்டவில்லை.

ஜூலை 5, வெள்ளி

மணி அடித்து எல்லோரும் போனபிறகு முத்துப்பேச்சி அலுவலக அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்று இரண்டு தடவை சொன்ன பிறகே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். ஒரே ஒருநா, ஒரு வாய் வையுங்க. பிள்ளைக பாக்கட்டும், அவங்க அப்பன் ஆத்தா பாக்கட்டும். அதுக்குப் பொறவு வருசம் பூரா நீங்க விரதம் இருங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"சாமி காரியத்துல ஒருநாள், ரெண்டுநாள்னு கணக்கு கிடையாது முத்துப்பேச்சி."

"தெரியுது டீச்சர். ஆனா பிள்ளைக திங்கலன்னா இங்க ஆளு எதுக்குன்னு என்னைய எடுத்திருவாவ. இந்த வேலைய வச்சுத்தான் மகளப் படிக்க வைக்கேன். அதுகூடப் பெருசில்ல. மக அங்கன வரிசையில நின்னு பாக்கா. அவ அம்மா வச்ச சோத்தைப் பாதிப்பேரு தொடல."

"நான் பெற்றோர்கிட்ட பேசுறேன். அதிகாரிகளுக்கும் எழுதுறேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் இளகியிருப்பேனோ என்னவோ.

வீட்டில் இவரிடம் சொன்னேன். கூட்டுறவு வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற நாளிலிருந்து இவருக்குச் சாய்வு நாற்காலியும் என்னைக் கேலி செய்வதும்தான் உத்தியோகம். பேப்பரைத் தாழ்த்தாமலே கேட்டார்.

"ஏ ஆவுடை, நீ தீட்சை வாங்குனது தை மாசம்லா?"

"ஆமா."

"செண்பகம் ரிட்டயர் ஆனது சித்திரையில. நடுவுல மூணு மாசம் நீ ருசி பாத்தியா, இல்லையா?"

அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி இருந்தது, எழுந்து போய்விட்டேன். பால் பொங்கவில்லை.

அது வேறு. அப்போது தீட்சை புதிது. நியமமெல்லாம் இன்னும் படியவில்லை. ஒரு வாய் எடுத்துக் கண்ணில் ஒற்றி, மனசுக்குள் சிவனுக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடுவேன். பிறகு கோடை விடுமுறையில்தான் இன்னும் கண்டிப்பாக இருப்பதென்று முடிவு செய்தேன். விடுமுறையில் எந்த நாளில் என்று இப்போது நினைவில்லை. ஆர்டர் வந்தது மே மாதக் கடைசியில்.

பிழை: இல்லை.

ஜூலை 11, வியாழன்

இன்று காலனிப் பிள்ளைகள் மட்டும்தான் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் வேப்பமரத்தடியில் டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு பந்தி. அண்டா நிறையச் சாம்பார் சாதம் மிஞ்சிப்போனது. வியாழக்கிழமைக்கு அதுதான் சாப்பாடு; இன்று வியாழன் என்பதே அதைப் பார்த்துத்தான் நினைவு வந்தது.

இப்படி ஒன்று நடந்தால் உடனே மேலே எழுத வேண்டும். அது என் கடமை, சட்டமும் அதுதான். எழுதினால் வெள்ளப்பாண்டி மாதிரி நாலு பேர்மேல் வன்கொடுமை வழக்கு வரும். ஊர் இரண்டுபடும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அவர்களே சமாதானம் ஆகிவிடுவார்கள் என்று தோன்றுகிறது. எழுதத் தாளை எடுத்தேன். முதல் வரியிலேயே "தலைமையாசிரியர் உணவைச் சுவைத்து..." என்று வந்தது. மடக்கி வைத்துவிட்டேன்.

பிழை: தள்ளிப்போட்டது.

ஜூலை 18, வியாழன்

நான் எழுதாததை யாரோ எழுதிவிட்டார்கள். எஸ்தராகத்தான் இருக்கும். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒன்றியத்திலிருந்து சத்துணவுக்குப் பொறுப்பான அதிகாரி வந்தார். நிலோபர் என்று பெயர். என் மகள் வயதுதான். நேரே சமையல்கூடத்துக்குள் போனார், முத்துப்பேச்சி போட்ட சோற்றை நின்றபடியே ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டார், கை கழுவினார், அப்புறம்தான் என் அறைக்கு வந்தார்.

தீட்சையைப் பற்றி முழுக்கச் சொன்னேன். மத நம்பிக்கை என் உரிமை, அரசியலமைப்பே கொடுத்த உரிமை என்றும் சொன்னேன். மறுக்காமல் கேட்டுக்கொண்டார்.

"உரிமை இல்லன்னு யாரும் சொல்லல மேடம். நானும் நோன்பு மாசத்துல ஒரு பள்ளியிலயும் ருசி பாக்க மாட்டேன். கூட வர்றவங்கள பாக்கச் சொல்வேன். ஆனா எந்த அடுப்படிக்குப் போனாலும் அப்படித்தான். ஆளுக்கு ஆள் மாறாது. உங்க விரதமும் அப்படித்தானே?"

'ஆமாம்' என்று சொன்னேன். சொல்லும்போது வாசலைப் பார்த்தேன். தங்கபுஷ்பம் அங்கே நின்றாள். ஏப்ரல் மாதம் செண்பகம் எனக்கு இன்னொரு கரண்டி போட்டபோது கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

வருகிற புதன்கிழமை மத்தியானம் நிலோபர் திரும்ப வருகிறாராம். பெற்றோரையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். "அன்னைக்கு நீங்க சாப்பிடணும்னு நான் உத்தரவு போட முடியாது மேடம். ஆனா அன்னைக்கும் மத்த பிள்ளைங்க சாப்பிடலன்னா அந்தம்மா தானே வேற இடம் கேட்டு எழுதிக் கொடுத்திருவாங்க. இப்பவே கேக்குறாங்க" என்றார்.

பிழை: பொய் சொன்னேன்.

ஜூலை 20, சனி

குருநாதருக்குப் போன் செய்தேன். ஒருநாள் மட்டும் விலக்குத் தர முடியுமா, என்ன பிராயச்சித்தம் என்று கேட்டேன். அவருக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று.

"எதுக்கும்மா விலக்கு? வெளியில சாப்பிட நேர்ந்தா மனசால சிவனுக்குப் படைச்சிட்டுச் சாப்பிடுங்கன்னுதானே அன்னைக்கே சொன்னேன். சைவ உணவா இருந்தாப் போதும். பூசையில வச்சதைத்தான் உண்ணணும்னு நான் சொல்லலையே."

"சொன்ன மாதிரி ஞாபகம் ஐயா."

"இல்லம்மா. அது நீங்களா வச்சுக்கிட்டது."

ரொம்ப நேரம் பூசையறையில் உட்கார்ந்திருந்தேன். என் சாமிமேல் எனக்குள்ள பக்தி பொய்யில்லை. அதை யாரும் பொய்யென்று சொல்ல விடமாட்டேன். ஆனால் அந்த ஒரு நியமத்தை நான் எங்கிருந்து எடுத்துவந்தேன்? என் வீட்டில், என் அம்மா கையில், பின்வாசலில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரிலிருந்தா? அதற்குத் திருநீறு பூசி என் விரதம் என்று பேர் வைத்துவிட்டேனா?

வெட்கமாக இருக்கிறது. சிவனிடம்கூட முகம் கொடுக்க முடியவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

நாளை சாப்பிடுவேன். முடிவு செய்துவிட்டேன். இவரிடம் மட்டும் சொன்னேன். "நல்லது. காலையில தோசைய ரெண்டாக் குறைச்சுக்க" என்றார்.

முதலில் சாமியிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். முற்பகலுக்கு அனுமதி எடுத்திருக்கிறேன். டவுன் கோயிலில் உச்சிகாலத்துக்கு முன்னால் தரிசனம் முடித்துவிட்டு, பதினொன்றரை பஸ்ஸைப் பிடித்தால் சரியாகப் போய்விடலாம். முத்துப்பேச்சியிடம் சொல்லவில்லை. நேரே போய்த் தட்டை எடுத்தால் அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஜூலை 24, புதன்

எழுத முடியவில்லை.

ஜூலை 25, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சந்நிதியில் நெடுநேரம் நின்றேன். அழுதேன். மனசு லேசாகிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது பன்னிரண்டரை ஆகப் போகிறது. நிலோபரின் ஜீப் இன்னும் வரவில்லை. மைதானம் முழுக்கப் பெற்றோர். பிள்ளைகள் டப்பாவோடும் தட்டோடும் நின்றார்கள். எஸ்தர் ஓடிவந்து "டீச்சர், ஒரு நிமிசம், ஒரு நிமிசம்" என்றாள். என்னைத் தடுக்க வருகிறாள், நான் விரதத்தை முறிப்பது வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "எல்லாம் அப்புறம் எஸ்தர்" என்று அவள் கையை விலக்கிவிட்டு நேரே ஜன்னலுக்குப் போனேன்.

தட்டு இருந்தது. மூடியைத் திறந்தேன். தக்காளி சாதம். கண்ணில் ஒற்றினேன், படைத்தேன், சாப்பிட்டேன். ஒரு வாய் இல்லை, மூன்று வாய் சாப்பிட்டேன். முதல் வாய் ருசி தெரியாமலே இறங்கியது. மூன்றாவது வாய் ருசித்தது. செண்பகத்தின் கைப்பக்குவம் இவளுக்கும் அப்படியே வந்துவிட்டதே என்றுகூட நினைத்தேன். நாக்குக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் நாக்கை நம்பவில்லை.

"டீச்சர் வாய் வச்சாச்சு!" என்று ஒரு பிள்ளை கத்தியது. டப்பாக்களை அப்படியே போட்டுவிட்டு எல்லாப் பிள்ளைகளும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருவர்கூட மிச்சமில்லை. ஒரு பெற்றோரும் தடுக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் என்று நினைத்தேன்.

அப்போது ஜன்னலில் செண்பகத்தின் தலை தெரிந்தது.

"இன்னொரு கரண்டி போடட்டா டீச்சர்?"

முத்துப்பேச்சி அடுப்படியில் நின்றால் பள்ளிக்கூடத்துக் கேட்டைப் பூட்டுவோம் என்று வெள்ளப்பாண்டியும் ஆட்களும் நேற்றுக் காலையில் வந்து தங்கபுஷ்பத்தை மிரட்டியிருக்கிறார்கள். பயந்துபோன தங்கபுஷ்பம், ஒன்றிய அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி முத்துப்பேச்சியை பஸ் ஏற்றிவிட்டு, செண்பகத்தை வீட்டிலிருந்து கூட்டிவந்து சமைக்க வைத்திருக்கிறாள். ஊருக்கே தெரியும். எஸ்தர் எனக்கு நாலு தடவை போன் செய்திருக்கிறாள். கோயிலுக்குள் போகும்போது நான் போனை அணைத்து வைத்திருந்தேன்.

வெள்ளப்பாண்டி என் பக்கத்தில் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "அப்பாடா. டீச்சருக்கு விரதம் முடிஞ்சிட்டு. எங்க பிள்ளைகளுக்கும் முடிஞ்சிட்டு."

"எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது வெள்ளப்பாண்டி" என்றேன். பிள்ளைகளின் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

ஒன்றியத்தில் கையெழுத்து வாங்க யாருமில்லை என்று திரும்பி வந்த முத்துப்பேச்சி, கேட்டுக்குப் பக்கத்தில் மஞ்சப்பையோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. என் விரலில் சோறு ஒட்டியிருந்தது. அதோடேயே அவளிடம் போனேன். 'நீ சமைச்சதுன்னு நினைச்சுத்தான் சாப்பிட்டேன்' என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த முகத்தோடு சொல்வது? ஜூன் மாதத்திலிருந்து தினமும் எனக்காக ஜன்னலில் தட்டு வைத்தவள் அவள். நான் வந்து எடுத்தது அவள் வைக்காத ஒரே நாளில்.

"சாப்பிடுங்க டீச்சர், ஆறிரப் போகுது" என்றாள். குரலில் கோபம் இல்லை. மகளைக் கூப்பிட்டாள். வரிசையில் தட்டோடு நின்ற ஜோதிமீனா சோறு வாங்காமலே தட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் பின்னால் போனது.

நிலோபர் ஒரு மணிக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

வெள்ளப்பாண்டி மீதும் இன்னும் மூன்று பேர் மீதும் வழக்குப் பதிவாகிவிட்டது. தங்கபுஷ்பம் தற்காலிகப் பணிநீக்கம். முத்துப்பேச்சி வேறு ஒன்றியத்தில் ஒரு பள்ளிக்குத் தானே மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். "நான் இங்கயே நிக்க வைக்கத் தயார் மேடம். சட்டமும் அவங்க பக்கம்தான். ஆனா தினமும் யார் முகத்துல முழிச்சுச் சமைக்கன்னு கேக்குறாங்க" என்றார் நிலோபர் போனில்.

எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. ஐந்து கேள்விகள். நாலாவது: மேற்படி சமையலர் சமைத்த உணவைத் தாங்கள் எப்போதேனும் சுவைத்ததுண்டா?

இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேலி எதுவும் இல்லை. "நினைச்சது என்னன்னு எழுது. அவ சமைச்சதுன்னு நினைச்சுத்தான சாப்பிட்ட. அது உண்மைதான?"

உண்மைதான். அதை எழுதினால் என் மனசு எனக்குச் சாட்சி சொல்லும். அவளுக்கு அதனால் என்ன வந்தது?

'இல்லை' என்று எழுதினேன். இந்த டைரியில் எத்தனையோ இடத்தில் எழுதிய அதே சொல்தான். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். என்ன தண்டனை வந்தாலும் வரட்டும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஜோதிமீனாவுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்க முத்துப்பேச்சி வந்தாள். நான் கையெழுத்துப் போட வேண்டும். நன்னடத்தை என்ற இடத்தில் 'மிக நன்று' என்று எழுதினேன். புதுப் பள்ளியில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பரவால்ல டீச்சர். அங்க ஒரு சார் இருக்காவ. முதநாளே வந்து தட்டுல வாங்கிச் சாப்பிட்டாவ. உப்பு கம்மின்னு ஏசினாவ" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மத்தியான மணி அடித்தது. பிள்ளைகள் வரிசைக்கு ஓடினார்கள். ஜோதிமீனா போகவில்லை. அம்மா கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டது. எலுமிச்சைச் சாதம், கூட ஒரு துண்டு மாங்காய். முத்துப்பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து மூடியில் கொஞ்சம் தனக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் அறையை விட்டு வெளியே வந்தேன். கால் தானாக அங்கே போய் நின்றது. "முத்துப்பேச்சி, எனக்கும் ஒரு வாய் தா" என்று கேட்டுவிட்டேன். கையை நீட்டிக்கொண்டுதான் நின்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் கையையும் பார்த்தாள்.

"இது எனக்கும் மகளுக்கும்தான் காணும் டீச்சர்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பாக்ஸை மகள் பக்கமாக நகர்த்தி வைத்தாள். இருவரும் சாப்பிடத் தொடங்கினார்கள். நான் நீட்டிய கையை எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

அவள் செய்தது சரி. நான் வயிற்றுக்காகவா கேட்டேன்? ஒரு வாய் கொடுத்திருந்தால் இன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்த நிம்மதியையும் அவளே சமைத்துத் தர வேண்டும் என்று போய் நின்றிருக்கிறேன்.

பிழை: பசியில்லாமல் கேட்டது.